பங்காக்காரர் யாக்கோபின் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு

1

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், கதவிடுக்கில் தபால்காரர் ஒரு அட்டையைச் செருகிவிட்டுப் போயிருந்தார். பார்சல் வந்திருக்கிறது, வீட்டில் ஆளில்லை, டிப்போவுக்கு வந்து வாங்கிக்கொள்ளவும், அடையாளச் சான்று அவசியம். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போனேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பார்சலைப் பார்த்தாள். "இது உங்களுடையது இல்லையே" என்றாள்.

பார்சலை அனுப்பிய எங்கள் மயிலாப்பூர் சபையார் அதன்மேல் எஸ். தேவசகாயம் என்று எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் நான் தேவசகாயம் சாமுவேல். சாமுவேல் என் அப்பா. இங்கிலாந்து வழக்கப்படி கடைசியில் நிற்பதுதான் ஒருவருடைய பெயர். ஆகவே லெஸ்டர் நகரத்தில் இருபது வருஷமாக நான் என் அப்பாவாகத்தான் வாழ்ந்து வருகிறேன். ஆஸ்பத்திரியில் மிஸ்டர் சாமுவேல், பாங்கில் மிஸ்டர் சாமுவேல், பல் பிடுங்கப் போனாலும் மிஸ்டர் சாமுவேல். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவரை இத்தனை பேர் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

கால் மணி நேரம் விளக்கினேன். எங்கள் ஊரில் அப்பா பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும் என்றேன். "ஏன்?" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனதால், விலாசம் சரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று தள்ளிவிட்டாள்.

பிரித்தால் எங்கள் கோயிலின் ஆண்டு விழா மலர். கப்பல் தபாலில் நாலு மாதம் பயணம் செய்து மூலைகள் மழுங்கியிருந்தன. முதலில் பேராயரின் வாழ்த்து, பிறகு பாத்திரக்கடை விளம்பரம், பிறகு நான் எழுதிய சபைச் சரித்திரம். அதில் ஐந்தாம் அத்தியாயத்துக்கு அடுத்தது ஏழாம் அத்தியாயம். அச்சுக்கோர்ப்பவர் தூங்கிவிட்டார் என்று சிலர் நினைத்திருக்கலாம். பாவம், அவர்மேல் பழி வேண்டாம். ஆறாம் அத்தியாயத்தை எடுக்கச் சொன்னவன் நான்தான். ஏன் என்பதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய வருஷம். அக்கா மகன் கல்யாணத்துக்காக ஆறு வார லீவில் வந்திருந்தேன். அக்கா வீடு தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால். கல்யாணச் சந்தடி ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் பழைய கோயிலுக்கு ஆராதனைக்குப் போனேன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், பதினைந்து வயதில் பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் நடத்தியதும், கல்யாணம் முடிந்ததும் அங்கேதான். கச்சேரி ரோட்டுப் பக்கத்திலிருந்து பிரசங்கத்தின் நடுவே நாதஸ்வரம் கேட்கும். போதகர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மேலே தொடர்வார். அன்றும் கேட்டது, அன்றும் நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷம் வெளியூரில் இருந்தவனுக்கு எதைக் கேட்டாலும் கண் கலங்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாசலில் சபைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில் மூன்று பேனா.

"சார் லண்டன்லதானே இருக்கீங்க?"

"லெஸ்டர்ல."

"எல்லாம் ஒண்ணுதான். அடுத்த வருஷம் ஆண்டு விழா, மலர் போடறோம். சபைச் சரித்திரம் எழுத ஆள் அகப்படலை. பீரோ நிறைய ரெக்கார்ட் இருக்கு. நீங்க உட்கார்ந்தா முடிஞ்சுது."

கரும்பு தின்னக் கூலியா. லெஸ்டர் ஆஸ்பத்திரியில் என் வேலையே கோப்பு அடுக்குவதுதான். நிலவறையில் நோயாளிகளின் பழைய காகிதங்களை எண்வாரியாக வைத்து, டாக்டர் கேட்டால் தேடிக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க யாரோ ஒருவரின் பித்தப்பையைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பவனுக்குச் சொந்த சபையின் காகிதம் கிடைத்தால் விடுவானா. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் தி. நகரிலிருந்து பன்னிரண்டு பி பஸ். முதல் நாள் லஸ் முனையில் இறங்கி ஆட்டோவில் ஏறி, "ஐயர் வீட்டுக்குப் போப்பா" என்றேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஐயரு சார்? இங்க தெருவுக்கு அம்பது பேர் கீறாங்களே" என்றார். மயிலாப்பூரில் கிறிஸ்தவனாக இருப்பதில் உள்ள சிறு சிரமங்களில் இது ஒன்று.

3

பீரோ சாவி பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் மகள் வீட்டுக்கு வேளச்சேரி போயிருந்தார். மூன்று நாள் கழித்துச் சாவி வந்தது. கோயிலைப் பெருக்கித் துடைத்து மணி அடிக்கும் மாசிலாமணி, போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் பீரோவைத் திறந்தார். பாச்சா உருண்டை வாடையும் கரையான் மண்ணுமாகச் சரிந்து விழுந்தது எங்கள் சபையின் சரித்திரம்.

"இத்தையா சார் படிக்கப் போறீங்க? தொட்டாக்கா கையோட வந்துடும் போலக் கீது."

தொட்டேன், கையோடு வந்தது. ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்றையும் பழைய வேட்டித் துணியில் துடைத்து, கோயிலுக்குள் ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். பசி தெரியவில்லை. மாசிலாமணி வாங்கி வந்த சாம்பார் சாதம் ஆறிப் போய்க் கிடக்கும். பத்து நாளில் நாற்பது பக்கம் எழுதிவிட்டேன்.

கடைசியாகக் கையில் எடுத்ததுதான் திருவிருந்துப் பதிவேடு. இன்றுபோல அந்தக் காலத்தில் நினைத்த மாத்திரத்தில், அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போய் முழங்காலிட முடியாது. முந்தின சனிக்கிழமை போதகரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். குடித்தாயா, மனைவியை அடித்தாயா, அடுத்த வீட்டுக்காரரோடு சமாதானமா என்று விசாரிப்பார். திருப்தியானால் பெயர் எழுதி முத்திரை குத்திய சீட்டு ஒன்று கொடுப்பார். ஞாயிறன்று வாசலில் போதகரின் உதவியாளரான உபதேசியார் தட்டோடு நிற்பார். சீட்டைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். ஆராதனை முடிந்ததும் தட்டில் உள்ள சீட்டுகளைப் பார்த்துப் பதிவேட்டில் அந்தந்தப் பெயருக்கு நேரே புள்ளி வைப்பார்கள். ஒரு வருஷம் முழுக்கப் புள்ளி விழாவிட்டால் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. கோடு விழுந்தவர் சபைக்கு வெளியே.

எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகள் பிடித்துப் போயின. அவற்றை வைத்து ஆறாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் நையாண்டியாக எழுதினேன். அதில் யாக்கோபு என்று ஒருவர். முன்பெயர் ஏழுமலை, பெரியவரான பின் ஞானஸ்நானம் பெற்றவர். ஐந்து வருஷப் பக்கங்களில் அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. அப்போது போதகராக இருந்த வெள்ளைக்காரத் துரை பொறுமைசாலி போலிருக்கிறது, விட்டுவைத்தார். துரை கப்பலேறிப் போனபின் வந்த புதுப் போதகர் மூன்றாம் மாதமே கோடு போட்டுவிட்டார். நான் எழுதினேன்: "வேதாகமத்து யாக்கோபு வானத்தை எட்டும் ஏணியைக் கண்டான். நம் யாக்கோபு கோயில் படியைக்கூடக் காணவில்லை." எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

நான் லெஸ்டர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் டீயும் வடையும் கொடுத்து, என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஆறாம் அத்தியாயத்துக்கு நல்ல சிரிப்பு. ஏணி வரிக்கு ஐயர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையில் மரகதம் டீச்சர் எழுந்து நின்றார்.

மரகதம் டீச்சரைத் தெரியாதவர் எங்கள் சபையில் இல்லை. நாற்பது வருஷம் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தவர். எனக்கும், இப்போதைய ஐயருக்கும் பத்துக் கற்பனைகளை, அதாவது வேதத்துப் பத்துக் கட்டளைகளை, மனப்பாடம் செய்வித்தவர் அவர்தான். அப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும்.

"தேவா, அந்த யாக்கோபு எங்க அப்பா" என்றார். "படி ஏறலைதான். ஏற விட்டாத்தானே."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கையில் பாதி வடையோடு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

4

அடையாறில் பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறையில் டீச்சர் தனியாக இருந்தார். மறுநாள் காலை போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காபி கொடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க அப்பா கோயில்ல பங்கா இழுத்தாரு" என்றார்.

கோயிலுக்கு மின்சாரம் வராத காலம். கூரையிலிருந்து காற்றுக்காகத் துணி மடிப்பு வைத்த நீளமான பங்கா தொங்கும். அதன் கயிறு வடக்குச் சுவரில் ஓர் ஓட்டை வழியே வெளியே போகும். வெளியே வெயிலில் உட்கார்ந்து யாக்கோபு அதை இழுத்துக்கொண்டிருப்பார். முதலில் இங்கிலீஷ் ஆராதனை, அது முடிந்ததும் தமிழ் ஆராதனை. வேலைக்கு வந்தபோது அவர் ஏழுமலைதான். அந்த ஓட்டை வழியே காதில் விழுந்ததைக் கேட்டுக் கேட்டே கிறிஸ்தவரானார். துரை ஞானஸ்நானம் கொடுத்து யாக்கோபு என்று பெயர் வைத்தார். அடுத்த ஞாயிறும் யாக்கோபு வெளியேதான் உட்கார்ந்தார். அவரை உள்ளே விட்டுவிட்டால் கயிற்றை யார் இழுப்பது?

"சனிக்கிழமை துரைகிட்ட போய் நிப்பாரு. துரை சீட்டு எழுதிக் கொடுப்பாரு. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் கொடுத்து முடிச்சிட்டு, கடைசியா துரை வெளியே வந்து அப்பாவுக்குக் கொடுப்பாராம். அப்பாதான் சொல்வாரு. வாசல் வழியா போகாதவரு சீட்டை எந்தத் தட்டுல போடுவாரு?"

ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நூலால் கட்டிய பழுப்புச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் யாக்கோபு என்ற பெயரும் முத்திரையும்.

"புது போதகர் ஆராதனை நடுவுல எழுந்து நீக்கினவங்க பேரை வாசிச்சாரு. எனக்குப் பத்து வயசு. அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அப்பா பேர் வந்ததும் மேலே பங்கா நின்னுடுச்சு தேவா. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் மறுபடியும் ஆட ஆரம்பிச்சுது."

அதன்பின் யாக்கோபு இரண்டு வருஷம் இழுத்தார். மின்சாரம் வந்தது, வேலை போனது, சீக்கிரமே அவரும் போனார். மகள் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்கு வந்தார், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தாம் திடப்படுத்தல் பெறவே இல்லை. திடப்படாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. மற்றவர்கள் முன்னால் போய் முழங்காலிடும்போது டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எங்களுக்கெல்லாம் தெரியும். முழங்கால் வலி என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

"அப்பாவுக்கு இல்லைன்னு சொன்னது எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு, "மலர்ல நீ எதை வேணா போடு. அந்தப் பதிவேட்டுல இருக்கிற கோட்டுக்கு மட்டும் ஏதாவது செய். நான் போறதுக்குள்ள" என்றார்.

அன்று மாலையே நானும் டீச்சரும் டப்பாவோடு ஐயர் வீட்டில் உட்கார்ந்தோம். செயலாளரும் வந்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் முப்பது வருஷக் கோப்புப் பழக்கம் யாரை விட்டது?

"சீட்டு கையிலேயே இருக்குன்னா, அவர் உள்ளே வரலைன்னுதானே சார் அர்த்தம்? இது நமக்குச் சாதகம் இல்லையே."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதே காகிதங்களை வைத்து நானும் அதே முடிவுக்குத்தானே வந்திருந்தேன், அதுவும் சிரிக்கச் சிரிக்க. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "டீச்சர், நீங்க சொன்னா எனக்குப் போதும். பதிவேட்டுல கை வைக்கணும்னா மட்டும் எழுத்துல ஏதாவது வேணும். துரை எங்கேயாவது எழுதி வெச்சிருந்தா நல்லது" என்றார்.

மிஷனரித் துரைமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். அந்தக் கடிதங்கள் லண்டனில் ஒரு நூலகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். சொன்னேன்.

"அப்போ கவலை இல்லை" என்றார் செயலாளர். "சார் லண்டன்லதானே இருக்கீங்க."

இந்த முறை நான் லெஸ்டர் என்று திருத்தவில்லை.

5

லெஸ்டரிலிருந்து லண்டனுக்கு ரயில். நூலகம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் திறந்திருக்கும். உள்ளே நுழைய வாசகர் அட்டை வேண்டும். அட்டைக்கு விலாசச் சான்று, இரண்டு புகைப்படம், தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம். விண்ணப்பத்தில் என் பெயரைத் தேவசகாயம் என்று எழுதி, சாமுவேல் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே பேனாவுக்குத் தடை, பென்சில்தான். கோட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இருமினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு கட்டு மட்டும். மயிலாப்பூரில் மாசிலாமணி பீரோவைத் திறந்துவிட்டு, "நீ பாட்டுக்குப் பாத்துக்கினு இரு சார், நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விடுவார். இரண்டு ஊர் முறையிலும் நன்மை உண்டு. லண்டன் காகிதங்களில் கரையான் இல்லை.

துரையின் கடிதங்கள் நாலு பெட்டி. கையெழுத்தா அது? சரிந்து, பின்னி, காகிதம் மிச்சம் பிடிக்க எழுதிய வரிகளின் குறுக்கே மறுபடியும் எழுதியிருந்தார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவது, வெஸ்ட்ரியில் பாம்பு புகுந்தது, மனைவிக்குக் காய்ச்சல், மீண்டும் கூரை. குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. சனிக்கிழமை கடைக்குப் போகவும் ஆளில்லாமல், "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, அந்தப் பாதிரியைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

படிக்க முடியாத பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு வந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்காருவேன். என் மகள் ரூத்துக்கு அப்போது பதினாறு வயது. தமிழில் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பதினான்கு வயதில், இனிமேல் கோயிலுக்கு வரவில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டாள். அவளோடு சண்டை போட்டேன், கெஞ்சினேன், ஒரு மாதம் பேசாமலும் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அவள் அறைக் கதவு மூடியிருக்கும். ஊரில் என்றால் அத்தை, மாமா, ஐயர் என்று பத்துப் பேர் புத்தி சொல்லியிருப்பார்கள். இங்கே அந்தப் பத்துப் பேர் வேலையையும் நான் ஒருவனே செய்து தோற்றேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரொட்டித் துண்டை மென்றுகொண்டே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அரை மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்த பக்கத்தை எடுத்து, குறுக்கு வரிகளுக்காகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, செய்தித்தாள் படிப்பதுபோலக் கடகடவென்று வாசித்தாள்.

அதன் சாரம் இது. எல்லோருக்கும் கொடுத்தபின் துரை பக்கக் கதவு வழியாக வெளியே போகிறார். கயிற்றருகே இருக்கும் யாக்கோபு, சபையார் உள்ளே இருக்கும்வரை அதை விட்டு வர மாட்டான். ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொள்கிறான். ஒரு முறை கயிற்றைத் தாமே பிடித்து இழுத்து, அவனை உள்ளே அனுப்பப் பார்த்தாராம். துரையின் இழுப்புக்குப் பங்கா தாறுமாறாக ஆடி ஒரு சீமாட்டியின் தொப்பியைத் தட்டிவிட்டதாம். அதன்பின் யாக்கோபு கயிற்றைத் தர மறுத்துவிட்டான். இந்தச் சபையில் ஒரு திருவிருந்தையும் தவறவிடாதவர்கள் இருவர்தான், 'அவனும் நானும்' என்று துரை முடித்திருந்தார்.

ரூத் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "அப்புறம் எதுக்கு அவர் பேரை அடிச்சாங்க?" என்று கேட்டாள். சீட்டு, தட்டு, புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"அந்தப் பங்கா ஆடிக்கிட்டேதானே இருந்திருக்கும். யார் ஆட்டுறாங்கன்னு ஒருத்தர்கூட நினைச்சுப் பார்க்கலையா?"

அவள் கேட்டது இங்கிலீஷில். எந்த மொழியில் கேட்டிருந்தாலும் எனக்கு வலித்திருக்கும். வடக்குச் சுவரில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. ஒலிபெருக்கி வயரை அதன் வழியேதான் இழுத்திருக்கிறார்கள். பள்ளிப் பையனாக இருந்த காலத்தில் வாராவாரம் பார்த்த ஓட்டை. சரித்திரம் எழுதிய பத்து நாளும் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

6

மறுநாள் மூலைக்கடை குஜராத்திக்காரரிடம் போய் அந்தக் கடிதத்தைப் பேக்ஸில் அனுப்பினேன். மயிலாப்பூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி அது ஐயர் கைக்குப் போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது எங்கள் சபைக்கும் பொருந்தும். செயலாளரிடமிருந்து பதில் வந்தது: பேக்ஸ் காகிதம் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அத்தாட்சி பெற்ற நகல் தேவை, முத்திரையோடு.

நூலகத்தில் இருந்த அம்மையாரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, நாலு மாதமாக என் இருமலைப் பொறுத்துக்கொண்டவர். எதற்கு என்றார். நின்றபடியே முழுக் கதையையும் சொன்னேன். முத்திரை போடும் வழக்கம் இங்கே நின்று வெகுகாலம் ஆகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரை மணி கழித்து இரும்பாலான பழைய அழுத்துக் கருவி ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேர் பலத்தையும் போட்டு அழுத்திய பிறகுதான் காகிதத்தில் முத்திரை எழும்பியது. "எதற்கும் இரண்டு இடத்தில் போட்டுவிடலாம்" என்றார். இந்த நாட்டில் எத்தனையோ கவுண்டர்களில் காத்து நின்றிருக்கிறேன். அத்தனைக்கும் சேர்த்து அந்த ஒரு சனிக்கிழமை ஈடு செய்துவிட்டது.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஐயர் போன் செய்தார். சபைக் கமிட்டி கூடியது, முத்திரையைச் செயலாளர் விரலால் தடவிப் பார்த்தார், பிறகு தாமே எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். கோட்டை அழிக்க விதி இல்லை. ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். யாக்கோபு இக்காலம் முழுவதும் ஒவ்வொரு திருவிருந்திலும் பங்கு பெற்றார், இக்கோடு தவறாக இடப்பட்டது, சபை வருந்துகிறது என்று எழுதி ஐயர் கையெழுத்திட்டார். செயலாளர் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவைத் தேடி எடுத்துச் சாட்சிக் கையெழுத்து போட்டார். "சபை வருந்துகிறது" என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னதே அவர்தானாம். அவரை நான் மனதுக்குள் எத்தனை முறை வைதிருப்பேன் என்று நினைத்துக் கூசினேன்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சிட்டு ரெண்டு தரம் படிச்சாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, திடப்படுத்தலுக்கு இந்த வருஷம் கிளாஸ் எப்போ ஆரம்பிக்குதுன்னு கேட்டாங்க. எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவங்களுக்கு நான் என்னங்க கிளாஸ் எடுக்கறது? விட மாட்டேன்னுட்டாங்க. வாராவாரம் நோட்டும் பென்சிலுமா வந்து முன் பெஞ்சில உட்கார்றாங்க. நான் தப்பாச் சொன்னா திருத்துறாங்க."

7

ஆண்டு விழாவுக்கு என்னால் போக முடியவில்லை. லீவு தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பேராயர் வந்து திடப்படுத்தலும் நடத்தினார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பாவாடையுமாகப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் வெள்ளைப் புடவையில் மரகதம் டீச்சர். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் பின்னலைச் சரி செய்துவிட்டாராம். பேராயர் கடைசியாக டீச்சரின் நரைத்த தலையிலும் கை வைத்தார் என்று ஐயர் சொன்னார். அதன்பின் திருவிருந்து. முழங்காலிட இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பிடித்தவர் செயலாளர்.

இதையெல்லாம் அன்று லெஸ்டரில் மத்தியானம், ஊரில் சாயங்காலம் இருக்கும்போது போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ரூத் படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்தாள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் நாலு மாதம் கழித்துப் போன வாரம் இந்த மலர் வந்ததும் முதலில் வாங்கிப் புரட்டியவள் அவள்தான். படிக்கத் தெரியாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "அவர் பேர் எங்கே இருக்கு, காட்டுங்க" என்றாள். கோயில் ஊழியர் பட்டியலில் பங்காக்காரர் யாக்கோபு என்ற வரியில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். எனக்கு அது போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்று போனில் ஐயர் பேசி முடித்ததும், "இருங்க, டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்க" என்று கொடுத்தார்.  அந்த ஏணி வரிக்கு நான் இன்னும் சரியாக மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கேட்டேன். டீச்சர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"தேவா" என்றார். "அறுபது வருஷத்துக்கு மேல கடைசி பெஞ்சில உட்கார்ந்து எல்லாரும் போய்க் குடிச்சிட்டு வர்றதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அது இவ்வளவு இனிப்பா இருக்கும்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே."